மிலானுக்கு ஒரு ரயில் பாஸ்

பிள்ளை ஐரோப்பாவில் படிக்கிறான் என்றால் உம்மாமாருக்கு இரண்டு கவலைகள். சாப்பிட்டானா? எங்கே சுற்றுகிறான்? இரண்டாவதைப் பற்றி என் ராத்தா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவருடைய மகன் ஜேர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் படிக்கிறான். இத்தாலியின் மிலானில் தொழில் செய்யும் அவனது சாச்சா திடீரென ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பக்கத்தில் சொந்தக்காரர் எவருமில்லை. "நீ போய்ப் பாரு மகன்" என்று ராத்தா தொலைபேசியில் அழுதுவிட்டார். மறுநாளுக்குச் சீட்டுக் கேட்டால் விலை தலையைச் சுற்ற வைத்தது. அங்கே தூர ரயில்களின் சீட்டு விமானச் சீட்டைப் போலத்தான், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பல வாரங்களுக்கு முன்பே வாங்க முடிந்தால் சாதாரணச் சீட்டே மலிவு, பாஸ் தேவையில்லை. அவனுக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு மாதத்துக்குள் விரும்பிய 4 நாட்கள் பயணம் செய்யும் 'இன்டர்ரெயில்' பாஸை வாங்கினான். 27 வயது வரை விலையில் சலுகையும் உண்டு.

இங்கே ஒரு குழப்பம் வரும். 1972இல் தொடங்கிய இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்போருக்கு உரியது. 1959இல் தொடங்கிய 'யூரெயில்' வெளியிலிருந்து செல்வோருக்கு. இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும், வதிவிட அனுமதியோடு அங்கே படிக்கும் பிள்ளைக்கு முதலாவதுதான். நீங்கள் அவனைப் பார்க்கப் போனால் உங்களுக்கு இரண்டாவது. இரண்டும் 33 நாடுகளில் செல்லும்.

பாஸலில் மிலான் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பரிசோதகர் வந்து பாஸைப் பார்த்தார். "ஆசனப் பதிவு எங்கே?" என்றார். பாஸ் இருந்தாலும் இத்தாலிக்குப் போகும் அந்த ரயிலுக்குத் தனியே காசு கட்டி ஆசனம் பதிய வேண்டுமாம். பிரான்சின் அதிவேக ரயில்களிலும் அப்படியே. நம்மவர் அதைப் படிக்கவில்லை! பேர்ண் நகரில் இறங்கி, பதிவு தேவையில்லாத சிறு ரயில்களில் மாறி மாறிப் போனான். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில், 1906இல் திறந்த, ஏறக்குறைய 20 கிலோமீற்றர் நீளமான சிம்ப்லொன் சுரங்கத்தின் இருட்டில் இருந்தபோது ராத்தாவின் அழைப்பு கிடைக்கவில்லை. இங்கே அவர் தஸ்பீஹும் கையுமாக இருந்தார்.

பயணநாள் நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடும். மிலானில் இறங்கியபோது இரவு 11 மணி. எல்லையில் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் கேட்டார்களாம். இரண்டும் கையில் இருந்தன. அந்த அட்டையோடு ஏனைய ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கலாம். பிரித்தானியாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. அவர்கள் வீசா எடுத்தே ஆக வேண்டும்.

காலையில் அவனைக் கண்ட சாச்சா, பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

திரும்பி வந்தபின் பாஸில் இரண்டு நாட்கள் மிச்சமிருந்தன. வெனிஸ் போகலாம் என்று கூட்டாளிமார் கூப்பிட்டார்கள். ஆனால் சாச்சாவை வீட்டுக்கு அனுப்பும் தினம் அந்த மாதத்துக்குள்ளேயே வந்தது. வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸ் போகவும் வரவும் ஒவ்வொரு முறைதான் செல்லும் என்பதால், ஃப்ரைபர்க்குக்கும் பாஸலுக்கும் இடையில் தனிச் சீட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் போனான். இம்முறை ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டு, ராத்தாவுக்கு ரயில் நேரத்தையும் எழுதி அனுப்பியிருந்தான்.