ஏப்ரல் தண்ணீர்

லேயில் இறங்கிய முதல் இரண்டு நாள் தலைவலியிலேயே போயிற்று. 3,500 மீட்டர் உயரம், சும்மாவா? மூன்றாம் நாள் சிந்து நதிக்கரையில் ஒரு கிராமத்துக்குப் போய், ஒரு வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கினேன். வீட்டுக்கார அம்மாவை ‘ஆமா-லே’ என்று கூப்பிட வேண்டும். ஆமா என்றால் அம்மா, லே மரியாதைக்கு. (நெல்லை நண்பர்கள் மன்னிக்க.) இருவருக்குமே அரைகுறை இந்தி என்பதால் பேச்சு நன்றாக ஓடியது.

மே மாதம். வீட்டுக்குப் பின்னால் பார்லி ஒரு சாண்கூட வளரவில்லை. லேயில் ஆண்டு முழுக்கப் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் அது ஒரு நவம்பர் நாள் மழை. பயிருக்கு எல்லாமே பனி உருகி வரும் நீர். அது வரும் நேரம்தான் சிக்கல். விதைப்பும் முதல் பாய்ச்சலும் ஏப்ரல், மேயில். உச்சியிலுள்ள பனியாறு நன்றாக உருக ஜூன் ஆகிவிடும். குளிர்காலத்தில் ஓடையில் ஓடும் கொஞ்ச நீர் யாருக்கும் பயன்படாமல் போகிறது. இருப்பது ஒரே போகம். விதைப்பு தள்ளிப்போனால் கதிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் செவாங் நோர்பெல், அரசுத்துறையில் இருந்த சிவில் இன்ஜினியர். உறைந்து வெடித்துவிடக் கூடாதென்று அங்கே குளிர்காலத்தில் குழாயை லேசாகத் திறந்தே வைப்பார்கள். அப்படி வழிந்த நீர் மரநிழலில் கட்டியாக உறைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு மேலே நிழல் விழும் சரிவில் கல்வரப்புகள் கட்டி, ஓடைநீரை மெதுவாக்கி உறைய வைத்தார். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வான இடம் என்பதால் அது முன்னதாகவே உருகும். முதலாவது 1987இல் புக்ட்சே கிராமத்தில். எங்கள் தொழிலில் இதை ‘கேஷ்’ என்போம்: வேண்டிய நேரத்துக்காக முன்கூட்டி, பக்கத்திலேயே சேமிப்பது.

பிறகு சோனம் வாங்சுக்கின் பனி ஸ்தூபி வந்தது. மேலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சி, இரவுக் குளிரில் கூம்பாக உறையும். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் மெதுவாக உருகும். புகைப்படத்துக்கு ஸ்தூபிதான் அழகு. எனக்கு என்னவோ அந்தக் கல்வரப்புகள்தான் பிடித்தன.

சாப்பிடும்போது என் யோசனையைச் சொன்னேன். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ஒரு ஆப். ஆமா-லே சிரித்தார். அதற்குத்தான் சுர்பொன் இருக்கிறாரே. ஊர் நியமிக்கும் நீர்முறைக்காரர். “உன் போன் என் முறைன்னு சொல்லுது. பக்கத்து வயல் வாடுது. அப்போ போன் என்ன சொல்லும்?”

அவர் கவலை வேறு. குழாயில் ஓட்டம் ஒரு இரவு நின்றால் உள்ளேயே உறைந்துவிடும். மைனஸ் இருபதில் யாராவது ஏறிப் போய்த் தட்டிவிட வேண்டும். வரப்பு உடைந்தாலும் கல் தூக்க ஆள் வேண்டும். குளிர்காலத்தில் இளைஞர்கள் ஜம்முவில், சண்டிகரில். அவர் மகன் லேயில் டாக்சி ஓட்டுகிறான். ரேஷனில் அரிசி வருகிறது, என்னைப் போல் வந்து தங்குகிறவர்கள் பணம் தருகிறார்கள். பிறகு எதற்கு பார்லி என்று கேட்டேன்.

“ரேஷன்ல வைக்கோல் போடுறாங்களா?”

மாடு இல்லாமல் எரு இல்லை, எரு இல்லாமல் அந்த மணலில் ஒன்றும் விளையாது. அப்புறம் அவர் கேட்டார்: “உங்க ஊர்ல தண்ணி யாரு திறந்து விடுறது?”

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி உண்டு. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். இப்போது யார்? தெரியவில்லை. அன்று இரவு சிக்னல் கிடைத்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன்.

“அவரு போயி ஏழெட்டு வருஷமாச்சேடா. மகன் திருப்பூர்ல. மடை ஷட்டர் துருப்பிடிச்சுக் கெடக்கு.”

“நம்ம வயலு?”

“கருவைதான். நீ வந்து பாக்கவா போற? எதுக்குக் கேக்குற?”

சும்மாதான் என்றேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆமா-லே கதவைத் தட்டினார். அன்று அவர் முறை. வாய்க்காலை அங்கே ‘யுரா’ என்கிறார்கள். மடை என்று எதுவும் இல்லை. ஒரு கல், புல் வேரோடு வெட்டிய ஒரு மண்கட்டி, அவ்வளவுதான். அதை எடுக்கச் சொன்னார். தண்ணீரில் கை வைத்ததும் விரல் மரத்துவிட்டது. இரண்டாவது தடவைதான் கல் நகர்ந்தது. கலங்கிய தண்ணீர் பார்லிக்குள் போனது. அடுத்த வாயைத் திறக்க ஆமா-லே மண்வெட்டியோடு முன்னால் நடந்தார்.