சார்ஜ் இல்லை, சார்

லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பயணத்தில் இருந்தபடி நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பொய். மீதி உண்மைதான், ஆனால் சார்ஜ் தீர்ந்ததற்குக் காரணம் வேறு யாருமில்லை, நானேதான். இரண்டையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

என் பிழைப்பு தணிக்கை. மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மார்ச் 31 கணக்கு முடிந்த கையோடு வங்கிக் கிளைத் தணிக்கை வந்துவிடும். எங்களுக்கு ஒதுக்கிய கிளைகளை ஏப்ரல் முதல் பாதிக்குள் முடித்தாக வேண்டும். ஒன்று ராமநாதபுரம் பக்கம் இருக்கும், இன்னொன்று தேனிக்கு மேலே, மற்றொன்று தூத்துக்குடியில். பகலெல்லாம் கிளை, இரவு லாட்ஜ், இடையில் பஸ்ஸோ ரயிலோ. 90 நாளுக்கு மேல் வட்டியோ தவணையோ வராத கடன்களைப் பொறுக்கி எடுத்து, அடமான விவரங்களைச் சரிபார்த்து, எல்எஃப்ஏஆர் என்கிற நீண்ட அறிக்கைப் படிவத்தை நிரப்பி, அன்றன்றைக்கு முடிந்ததை இரவே சீனியருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துத் திருத்திக் காலையில் திருப்பி அனுப்புவார். கணக்கு பத்து ரூபாய் இடித்தாலும் மேனேஜரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற ஆள் நான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சாக்கு இது. காய்ச்சல் என்று சொன்னால் டாக்டரைப் பார்த்தாயா என்பார்கள். பஸ் லேட் என்றால் எந்த பஸ் என்பார்கள். லேப்டாப் ஆஃப் ஆகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் ஒரு "ப்ச்" மட்டும் வரும். குறுக்கு விசாரணை கிடையாது. அந்த "ப்ச்" என் மேல் விழுவதுமில்லை. ஊர் மேலோ வண்டி மேலோ போய்விடும்.

ரயில் இதற்கு ரொம்ப வசதி. நம் பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுக்குப் பக்கத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை வைத்தே சீனியரிடம், "110தான் சார் வருது, லேப்டாப்புக்குப் பத்தல" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் நம்பினார். லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். 110 அதற்குத் தாராளம். எனக்கு அது தெரியும். 2021-இல் இன்னொரு சலுகை கிடைத்தது. தீ விபத்து பயத்தில், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுக்கு மின்சாரம் கிடையாது என்று ரயில்வே கறாராக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. நியாயமான ஏற்பாடுதான். நான் ஒன்பது மணிக்கே போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டு, காலையில், "பதினொரு மணிக்கு கரண்டை நிறுத்திட்டாங்க சார்" என்று ஆரம்பிப்பேன்.

வேலை செய்யாவிட்டாலும் கிடைத்த பாயிண்டை விட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்லீப்பர் பெட்டியில் அந்த பாயிண்ட் பெரும்பாலும் லொடலொடத்துக் கிடக்கும். லேப்டாப் அடாப்டரின் கனம் தாங்காது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் பிளக் கழன்று தொங்கும். நான் டிக்கெட் பிரிண்ட்டை நாலாக மடித்து இடுக்கில் செருகி, அடாப்டருக்கு அடியில் தண்ணீர் பாட்டிலை முட்டுக்கொடுத்து, ஜம்மென்று உட்கார்ந்துவிடுவேன். ஒருமுறை எதிர் சீட்டு அக்கா, "தம்பி, போன்ல மூணு பர்சன்ட்தான் இருக்கு, இறங்குற இடத்துல வீட்டுக்காரருக்குப் பேசணும், ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுக்கவா?" என்று கேட்டார். என் திரையில் 91 சதவீதம். "ஆபீஸ் வேலைக்கா, அர்ஜென்ட்" என்றேன். திரையை அவர் பக்கம் தெரியாதபடி கொஞ்சம் திருப்பிவைத்துக்கொண்டேன். அதில் ஓடிக்கொண்டிருந்தது வடிவேலு காமெடி.

வங்கிக் கிளையில் வேறு மாதிரி. அங்கே இரண்டு விதமான பாயிண்ட் இருக்கும். ஒன்று யூபிஎஸ் லைன், இன்னொன்று எலெக்ட்ரீஷியன்கள் ரா பவர் என்று சொல்வது. கரண்ட் போனால் ரா பவர் போய்விடும், யூபிஎஸ் லைன் மட்டும் ஓடும். கவுன்ட்டர் கம்ப்யூட்டர்கள் ஓடுவதற்காக வைத்திருக்கும் அந்த யூபிஎஸ் பாயிண்டைத் தேடிப் பிடித்து நான் சார்ஜரைச் செருகுவேன். ஆடிட்டரிடம் வேண்டாம் என்று சொல்ல மேனேஜருக்கு வாய் வராது. சொருகிய சார்ஜர் மேஜைக்கு அடியில், சுவரோரம், கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அந்தக் கண்ணில் படாத இடம்தான் என்னை மாட்டிவைத்தது.

ராமநாதபுரம் பக்கத்து கிளை அது. கூட ஓர் ஆர்ட்டிகிள் பையன், சிஏ படிப்புக்காக எங்களிடம் பயிற்சியில் இருந்தவன். சாயங்காலம் கிளம்பும்போது சார்ஜரை அந்த பாயிண்டிலேயே விட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்துவிட்டேன். சொருகியதும் நான், எடுக்க மறந்ததும் நான். பையனுடைய சார்ஜர் உருண்டைப் பின், என்னுடையது டைப்-சி. கடன் வாங்கவும் வழியில்லை. ஆனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. லேப்டாப்பில் 90-க்கு மேல் இருந்தது. எக்செலையும் வேர்டையும் மட்டும் திறந்து, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து உட்கார்ந்திருந்தால் நாலு மணி நேரம் ஓடியிருக்கும். அறிக்கைக்கு இரண்டு மணி நேரம் போதும்.

ஏப்ரல் மாதம். ஐபிஎல். ஆட்டம் ஏழரைக்கு ஆரம்பம்.

முதல் ஆறு ஓவர் மட்டும் என்று நினைத்துத்தான் திறந்தேன். போன் ஹாட்ஸ்பாட்டில் நெட், திரை வெளிச்சம் முழுக்க, ஸ்பீக்கர் முழுக்க. ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சார்ஜ் குறையுமே என்று கேபிளை எடுத்து போனை லேப்டாப்பிலேயே சொருகிவிட்டேன். ஒரு பக்கம் வீடியோ உறிஞ்ச, மறுபக்கம் போன் உறிஞ்ச, இரண்டாவது இன்னிங்ஸ் பாதியில் திரை இருண்டது. போன் மட்டும் நூறில் இருந்தது. மீதி மேட்சை அதில் பார்த்து முடித்தேன்.

நடுவில் சீனியர் கூப்பிட்டார். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தானாக வந்தது: "பையன் சார்ஜரை பேங்க்லயே விட்டுட்டு வந்துட்டான் சார். வந்ததுமே ஆஃப் ஆயிடுச்சு."

காலையில் அவர் பையனின் போனுக்கே அழைத்தார். கிளை வாசலில், ஷட்டர் தூக்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். என்ன திட்டு விழுந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. பையன் மூன்று தடவை "ஸாரி சார்" என்றான். நான் எதிர்க் கடையில் டீ சொல்லப் போய்விட்டேன். அவனுக்கும் சேர்த்து, கூட ஒரு பருப்பு வடையும். அந்த வடையை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த கிளை தேனிக்கு மேலே. அங்கே லேப்டாப் உண்மையாகவே மக்கர் செய்தது. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தது. சார்ஜர் போட்டு எழுப்பினோம். "பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாக்கலாமா சார்?" என்றான் பையன். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கறுப்புத் திரையில் பவர்சிஎஃப்ஜி என்று தொடங்கும் ஒரு வரியைத் தட்டினான். பேட்டரியின் ஜாதகமே ஒரு பக்கமாக வந்து நின்றது. மேலே தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவு: 45,000 மில்லிவாட் மணி. அதற்குக் கீழே இப்போது முழுக்க நிரப்பினால் நிற்பது: 31,000 சொச்சம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

அதற்கும் கீழே ஒரு பட்டியல். கடைசிச் சில நாட்களில் லேப்டாப் எப்போது விழித்தது, எப்போது தூங்கியது, கரண்டிலா பேட்டரியிலா, எத்தனை சதவீதம் மீதி என்று மணி நிமிடத்தோடு வரிசையாக. ராமநாதபுரம் இரவும் அதில் இருந்தது. 7:28, இயக்கத்தில், பேட்டரி, 92 சதவீதம். அடுத்த வரி 9:52, 5 சதவீதம். வவுச்சருக்கு வவுச்சர் ஒத்துப்போகிற மாதிரி சுத்தமான சாட்சியம். இதே தேதியில் இதே கிளையில் ஒரு காசாளர் இப்படி மாட்டியிருந்தால் நான் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பேன்.

பையனின் விரல் டச்பேடில் ஒரு நொடி நின்றது. பிறகு மளமளவென்று கீழே தள்ளினான். "சைக்கிள் கவுன்ட் ஒண்ணும் அதிகம் இல்ல சார். ஹீட்ல போயிருக்கும்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹீட் என்று அவன் சொன்னது சரி. லித்தியம் அயான் பேட்டரிக்கு முழுக்க நிரம்பிய நிலையிலேயே கிடப்பதும் ஆகாது, சூட்டில் கிடப்பதும் ஆகாது. நிரம்பும்போது ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கோ அதற்குச் சற்று மேலேயோ ஏறும். அங்கேயே நிறுத்திவைத்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சீக்கிரம் கெடும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். நான் இரண்டையும் செய்தேன். வருஷம் முழுக்க அலுவலகத்தில் வயரைப் பிடுங்காமல் நூறிலேயே வைத்திருந்தேன். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி அந்த லேப்டாப்பிலேயே உண்டு, தொட்டதில்லை. ஏப்ரலில், கிளை வாசலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் பையோடு போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

அதைவிட மோசம், மூடியை மூடிப் பைக்குள் வைப்பது. மூடினால் தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வரும் லேப்டாப்புகள் பலவும் மூடிய பிறகும் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். மெயில் வந்ததா, அப்டேட் உண்டா என்று இடையிடையே எழுந்து பார்த்துக்கொண்டே கிடக்கும். சில நேரம் முழுக்கவே விழித்துக்கொள்ளும். பைக்குள் காற்றோட்டம் ஏது? பஸ்ஸில் மடியில் வைத்திருந்த பை இளஞ்சூடாக இருப்பதை எத்தனையோ தடவை உணர்ந்திருக்கிறேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன், இரவு பஸ்ஸிலும். ஹைபர்னேட் கொடுத்தால் திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். விண்டோஸில் அது மெனுவில் தெரியாமல் ஒளிந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஒரு டிக் போட்டால் வெளியே வரும். மூடியை மூடினாலே ஹைபர்னேட் ஆகும்படியும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. கடன் பதிவேடுகளில் எட்டாம் பக்க அடிக்குறிப்பு வரை படிக்கிறவனுக்கு இதைப் பார்க்க நேரமில்லை.

பவர்பேங்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கணக்கில் தோற்ற கதை. 30,000 எம்ஏஹெச் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். லேப்டாப்பில் சொருகினால் ஏறவே இல்லை. அது கொடுப்பது 18 வாட், லேப்டாப் கேட்பது 65 வாட். மும்பைக்கு ஒரு பயிற்சிக்குப் போனபோது விமான நிலையத்தில் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். விமானத்தில் 100 வாட் மணி வரைதான் கேட்காமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எம்ஏஹெச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி. என்னுடையது 111. 20,000 வாங்கியிருந்தால் 74, பேச்சே இல்லை. பெருக்கல், வகுத்தல், அதுவும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்காரனுக்கு.

தணிக்கை சீசன் முடிந்து மதுரை வந்ததும் டச்பேட் அமுங்காமல் விறைத்துக்கொண்டது. சர்வீஸ் கடைக்காரர் அடித்தகட்டைக் கழற்றிக் காட்டினார். பேட்டரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, இதை மடியில வெச்சுக்கிட்டா பஸ்ல சுத்துனீங்க?" என்றார். புது பேட்டரி போட்டேன். இப்போது 80-இல் நிறுத்திவைக்கிறேன், கிளம்புகிற அன்று காலை மட்டும் நூறு. பைக்குள் போகும் முன் ஹைபர்னேட். போனுக்கு அதன் சொந்த சார்ஜர். ரயிலில் யாராவது கேட்டால் பாயிண்டைக் கழற்றிக் கொடுக்கிறேன். சும்மா சொல்லவில்லை, லேப்டாப்பில் 60-க்கு மேல் இருந்தால் கொடுக்கிறேன். அதற்குக் கீழே இருந்தால் இன்னும் மனசு வருவதில்லை.

சீனியரிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

பையன் சிஏ பாஸ் செய்து இப்போது சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறான். இதை எழுத உட்காரும் முன் அவனுக்குப் போன் செய்தேன். ராமநாதபுரம், லாட்ஜ், சார்ஜர் என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"எந்த சார்ஜர் சார்?" என்றான்.

சொன்னேன்.

"ஓ, அதுவா. தேனில ரிப்போர்ட் எடுத்தோமே சார், அதுலயே பாத்தேன்."

மன்னித்துக்கொள்ளப்பா என்று சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனே, "அட விடுங்க சார். நானும் இங்க லேட்டாச்சுன்னா லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சுன்னுதான் சொல்றேன், உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று சிரித்தான். பிறகு, "ஆனா சார்ஜரை மறந்தது நான்தான்னு சொல்லிடுவேன் சார்" என்றான்.