மற்றும் பலர்

மொழிபெயர்ப்பில் நான் செய்த பிழைகளைத் தொகுத்தால் சிறியதாக ஒரு அகராதியே போடலாம். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. அது தெரியாத காலத்தில், மருந்து தேவையில்லை என்று சொல்லும் ஒரு கதாபாத்திரத்தை ‘மருந்துக்கு அவசரமில்லை’ என்று பேச வைத்திருக்கிறேன். கதாசிரியர் பெருந்தன்மையாக இருந்துவிட்டார். இப்படிப்பட்ட பிழைகளால் யாருக்கும் கேடு வருவதில்லை. கேடு வந்திருக்கக்கூடிய ஒரே பிழையைக் கண்டுபிடித்தவர் விமர்சகர் அல்ல, ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில், வேப்பமரத்தடியில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை எனக்குச் சொன்னார்.

அது 2010 பிப்ரவரி. திருமணமாகி ஹைதராபாத் போய்ச் சேர்ந்து, தமிழ் எம்.ஏ.வுக்கு அங்கே என்ன வேலை என்று தெரியாமல் தெலுங்கு கற்றுக்கொண்டு, தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தனித் தெலங்கானா போராட்டம் உச்சத்தில் இருந்தது. 2009 நவம்பர் 29 அன்று உண்ணாவிரதத்துக்குப் புறப்பட்ட சந்திரசேகர ராவ் கைதானார். டிசம்பர் 9 இரவு, அப்போதைய உள்துறை அமைச்சர் சிதம்பரம் தனி மாநிலத்துக்கான நடவடிக்கைகள் தொடங்கும் என்று அறிவித்தார். டிசம்பர் 23 அன்று மத்திய அரசு ஓர் அடி பின்வைத்தது. கொடுத்ததைப் பறித்துக்கொண்டார்கள் என்று வளாகம் கொதித்தது. அறிவித்தவர் தமிழர் என்பதால் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் திடீரென்று அக்கறை வந்தது. எனக்கு வேலை வந்தது.

பிப்ரவரி 14, 15 தேதிகளில் அங்கே தடியடி, கண்ணீர்ப்புகை. பத்திரிகையாளர்களுக்கும் அடி விழுந்தது. 20ஆம் தேதி ஓர் இளைஞர் தீக்குளித்தார். அந்த நாட்களில் அங்கே போய்வந்தவர்களுக்கு உஸ்மானியா என்றாலே மூக்கில் ஓர் எரிச்சல் வரும். எனக்கு இன்றும் வருகிறது.

ஆனால் அது அழகான இடம். 1939இல் திறக்கப்பட்ட கலைக் கல்லூரியின் இளஞ்சிவப்புக் கருங்கல் முகப்பு மாலை வெயிலில் பழுத்த கொய்யாவின் உட்புறம் போல இருக்கும். 1918இல் நிஜாம் தொடங்கிய பல்கலைக்கழகம், பாடமொழி உருது. பாடநூல்களை உருதுவில் ஆக்கித் தருவதற்காக 1917இலேயே ஒரு மொழிபெயர்ப்புத் துறையை ஏற்படுத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டிவைத்துவிட்டுப் பிறகு மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் என்று நான் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. 1938இல் விடுதியில் வந்தே மாதரம் பாடியதற்காக அங்கிருந்து நீக்கப்பட்ட மாணவர்களில் ஒருவர் நரசிம்ம ராவ். படிப்பை நாக்பூரில் முடித்த அவர், 1984இல் இந்தியாவின் உள்துறை அமைச்சர் ஆனார். அந்த வளாகத்துக்கும் காக்கிக்கும் உள்ள உறவு எப்போதுமே கொஞ்சம் வேடிக்கையானதுதான். 1969 தெலங்கானா கிளர்ச்சியில் துப்பாக்கிக்குப் பலியானவர்களை நினைத்தால் வேடிக்கை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டரும் அந்த வளாகத்தில் படித்தவர். பந்தோபஸ்துக்குப் பல நிலையங்களிலிருந்து ஆட்களை இழுத்திருந்தார்கள். அவர் எந்த நிலையம் என்பதை விட்டுவிடுகிறேன். நல்கொண்டா பக்கத்துக்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் உஸ்மானியாவில் தெலுங்கு எம்.ஏ. வேறு வேலை கிடைக்காமல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த மூவரில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் வக்கீல். மூன்றாமவர் காட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. முதல் நாள் என்னிடம், “அரவமா அம்மா?” என்றார். தமிழரைத் தெலுங்கர் அப்படிச் சொல்வதில் லேசான கேலி உண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நானும் தெலுங்கு எம்.ஏ.தான். கோபப்படாதீங்க” என்றார். எதற்கு எது சமாதானம் என்று புரியவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது.

வளாகப் பணி என்றால் பெரும்பாலும் நிற்பதுதான் என்று அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். காலை ஆறு மணிக்கு வந்து நிற்கவேண்டும். எப்போது விடுவார்கள் என்பது மேலிருப்பவருக்கும் தெரியாது. மதியம் புளிசாதப் பொட்டலம். மாவட்டங்களிலிருந்து வந்த கான்ஸ்டபிள்கள் கல்யாண மண்டபத் தரையில் தூங்கினார்கள். பெண் போலீசாருக்குக் கழிப்பறை பெரும் பாடு. மகளிர் விடுதிக் காவலரிடம் கெஞ்சி உள்ளே போய்விட்டு வந்து, அதே விடுதியின் வாசலில் லத்தியோடு நின்றார்கள். பகலில் “அன்னா, டீ சாப்பிடுங்க” என்று சொன்ன பையன் இரவில் “போலீஸ் டவுன் டவுன்” என்பான். மறுநாள் மறுபடி டீ. “என் பையனும் வீட்டுல இப்படித்தான்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அவரால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. அவருக்குப் பாடம் எடுத்து, ஓய்வும் பெற்றிருந்த பேராசிரியர் ஒருவர் ஊர்வலத்தின் முன்வரிசையில் வந்தார். தடுக்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு. தோளைப் பிடித்துத் தள்ள மனம் வராமல் கையைப் பிடித்தாராம். பேராசிரியர் கையைப் பார்த்தார், பெயர்ப் பட்டையைப் பார்த்தார், “நீ நல்லா எழுதுவியே” என்றார். அவ்வளவுதான். வசைபாடியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

துணைவேந்தர் அழைக்காமல் போலீஸ் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொதுவான சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. அது காலங்காலமாக மதிக்கப்பட்ட வழக்கம். உஸ்மானியாவில் வளாகத்தை ஊடுருவிப் பொதுச்சாலையே போகிறது. எது உள்ளே, எது வெளியே என்பதே தெளிவில்லை. வழக்கத்தை மட்டும் நம்பியிருப்பதன் விளைவைப் பின்னால் பல இடங்களில் பார்த்தோம். 2014 செப்டம்பரில் ஜாதவ்பூரில் துணைவேந்தரே அழைத்து நள்ளிரவில் போலீஸ் நுழைந்தது; அதில் எழுந்த கிளர்ச்சியால் அடுத்த ஜனவரியில் அவர் பதவி விலக நேர்ந்தது. 2019 டிசம்பரில் ஜாமியா நூலகத்துக்குள் போலீஸ் புகுந்தபோது அனுமதி தரவில்லை என்றது பல்கலைக்கழகம். மூன்றே வாரத்தில், 2020 ஜனவரி 5 அன்று, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குள் முகமூடிக் கும்பல் அடித்து நொறுக்கியபோது போலீஸ் வாசலில் நின்றது, அனுமதி வரவில்லையாம். அழையாமல் போகத் தெரிந்தவர்களுக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் அழைப்பிதழ் தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் பிழைக்கு வருகிறேன். விடுதி மாணவன் ஒருவனைப் பேட்டி கண்டிருந்தேன். அப்பா இல்லை, அம்மா கூலி வேலை. அவன் மேஜையில் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கான வழிகாட்டி நூல் இருந்தது. பகலில் போலீசோடு மோதல், இரவில் போலீஸ் ஆவதற்குப் படிப்பு. அந்த விடுதிகளில் அது அதிசயமே இல்லை. தடியடி எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். “லத்தி எடுத்தார்கள். ராயி படிந்தி” என்றான். கல் விழுந்தது. நான் தமிழில் எழுதினேன்: “லத்தி எடுத்தார்கள். நாங்கள் கல் எறிந்தோம்.”

அதுதான் விறுவிறுப்பாக இருந்தது. கீழே அவன் பெயர், துறை, ஊர், விடுதி எல்லாம் போட்டேன். தமிழில்தானே வருகிறது, இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். சிகந்திராபாத்தில் ராணுவக் குடியிருப்பு வந்த காலந்தொட்டுத் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது மறந்துபோனது. அவர்களில் ஒருவர் போலீஸ் வேன் ஓட்டினார், பத்திரிகையும் வாங்கினார்.

மறுமுறை போனபோது சப்-இன்ஸ்பெக்டர் டீ சொல்லவில்லை. “அந்தப் பையன் ராயி விசிராமுன்னு சொன்னானா?” என்று கேட்டார். எறிந்தோம் என்று சொன்னானா என்பது கேள்வி. டிரைவர் என் வரியை அப்படித்தான் தெலுங்கில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டைப் புரட்டினேன். பக்கத்தை அவரிடம் காட்டினேன்.

“படிந்தி. அகர்மகம்” என்றார். செயப்படுபொருள் குன்றிய வினை. “எம்.ஏ. படிச்சிருக்கீங்கல்ல அம்மா? தமிழ்ல இந்த வினை கிடையாதா?”

உண்டு. நன்னூலைப் பாடமாகப் படித்தவளுக்கு ஒரு போலீஸ்காரர் தன்வினையைச் சொல்லித்தந்தார்.

அதன் பிறகு தன் எழுத்துவேலையைப் பற்றிப் பேசினார். கலவர வழக்குகளில் புகார்தாரர் பெரும்பாலும் பணியிலிருந்த போலீஸ் அதிகாரிதான். அவர் எழுதித் தருவதே முதல் தகவல் அறிக்கை ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 149ஆவது பிரிவைச் சேர்த்துவிட்டால் போதும். சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக யாரோ ஒருவர் எறிந்த கல்லுக்குக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் நியாய சன்ஹிதாவில் அதன் எண் 190, எண்தான் மாறியிருக்கிறது. “லத்தி அடி பத்து நாள்ல ஆறிடும். இதுல பேர் ஏறினா எல்லாத் தேர்வு விண்ணப்பத்துலயும் கூடவே வரும்” என்றார். ஆகவே அவர் தலைவர்கள் நான்கைந்து பேரை மட்டும் எழுதுவார். அவர்களுக்கு அது பதக்கம் மாதிரி, அரசியலுக்கு உதவும். மிச்சத்துக்கு இரண்டு சொற்கள்: ‘மரி கொந்தரு’. மற்றும் பலர்.

“உங்க பையன் என் தாள்ல ‘மரி கொந்தரு’வுக்குள்ள இருந்தான். நீங்க பேர் சொல்லி வெளியில இழுத்துட்டீங்க.”

டிரைவரிடமிருந்து வாங்கி வைத்திருந்த இதழை என்னிடம் கொடுத்தார். வேறு யாரும் பார்த்தார்களா என்று கேட்டேன். “தெரியலை” என்றார். அந்தப் பதில் பல வருடம் என்னைத் தூங்கவிடவில்லை.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. அதே பிப்ரவரியில் அவருடைய ஆட்களும் ஓங்கி அடித்தார்கள்; அவர் தடுத்ததாக நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு சொற்களும் அப்படியொன்றும் கருணைச் சொற்கள் அல்ல. பெயரில்லாத இடம் காலியிடம். பின்னால் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். கல் விழுந்த நாளில் ஊரிலேயே இல்லாதவரைக்கூட. இதைச் சொல்லி அவரோடு சண்டை போட்டேன். “உண்மைதான். எழுதறவன் கையைப் பொறுத்தது” என்றார். எழுதுபவரின் கையை நம்பித்தான் இருக்கவேண்டும் என்றால் அது எப்படிச் சட்டம் ஆகும் என்றேன். வயர்லெஸ் கூப்பிட்டது, எழுந்து போய்விட்டார்.

2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. போராட்ட வழக்குகளைத் திரும்பப்பெற அரசு உத்தரவுகள் போட்டது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு குற்றத்தை விண்ணப்பத்தில் மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் அதை மன்னிக்கலாம் என்றார்கள். தீர்ப்பைப் படித்தபோது அந்தப் பையனைத்தான் நினைத்தேன். கோஷம் போட்டதாக நான் எழுதவில்லையே, கல் எறிந்ததாக அல்லவா எழுதினேன்.

அவன் போலீஸ் ஆகவில்லை. காரணம் நான் அல்ல. தேர்வு அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டதாம். இப்போது அசோக் நகரில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் சட்டம் எடுக்கிறார். போன வருடம் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். “ராயி நான்தான் மேடம் விசிரினேன். ஆனா உங்ககிட்ட அப்படிச் சொல்லலியே” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். காலையில் அதே வளாகத்தில் நடக்கிறார். அசோக் நகர் போய்வந்த வாரத்தில் அவரோடு நானும் நடந்தேன். வேலை கேட்டு மாணவர்கள் ஏதோ போராட்டம் அறிவித்திருந்த நாள். கலைக் கல்லூரிக்கு எதிரே இளம் கான்ஸ்டபிள்கள் சிலர் நின்றார்கள். ஒருவர் கையில் லத்தி இல்லை, வீடியோ கேமரா இருந்தது. கூடிக்கொண்டிருந்த கூட்டத்தை இடமிருந்து வலமாக நிதானமாகப் பதிவுசெய்துகொண்டிருந்தார். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வசதி 2018லேயே தெலங்கானா போலீசின் கைபேசிச் செயலிக்கு வந்துவிட்டது.

“இப்ப ‘மரி கொந்தரு’ எழுதறாங்களா சார்?” என்றேன்.

“எழுதலாம். ஆனா அதுல யாரும் மிச்சம் இருக்கமாட்டாங்க” என்றார்.

கேமரா மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது. முழங்கையைத் தொட்டு என்னை மரத்துப் பக்கம் நகர்த்தினார். “இப்படி வாங்க அம்மா. நாமளும் விழுந்துடப்போறோம்.”