காய்ச்சலை மறைத்து விமானம் ஏறினேன்

2021 செப்டம்பர் 8, இரவு 11 மணி. தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. விடிகாலையில் சென்னையிலிருந்து தோகா வழியாக லண்டனுக்கு விமானம். தெர்மாமீட்டரை உதறி டப்பாவுக்குள் போட்டேன். அப்பா கூடத்தில் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. ஒரு டோலோ 650 விழுங்கினேன். விமான நிலையத்துக்குள் நுழையும் முன் இன்னொன்று.

கையில் கொரோனாவுக்கான ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் சான்றிதழ் இருந்தது. 6-ஆம் தேதி எடுத்தது. புறப்படுவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் எடுத்திருக்க வேண்டும் என்பது அப்போது பிரிட்டனின் விதி. காகிதத்தில் குறை இல்லை. ஆனால் சுய உறுதிமொழிப் படிவத்தில் காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். அவர்களுக்கு என்ன ஆனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பணத்துக்குப் பயந்து ஏறினேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் 23 முதல் இந்தியா பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருந்தது. போனால் ஓட்டலில் தனிமைப்பட 1,750 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 8-இல்தான் நம்மை அம்பர் பட்டியலுக்கு மாற்றினார்கள். திரும்பவும் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் எல்லா மாணவர்களுக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் என் டிக்கெட்டில் ஒருமுறை தேதி மாற்றிக்கொள்ள வழி இருந்தது. முதல் சில வாரங்களை ஊரிலிருந்தே இணையத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழகமும் எழுதியிருந்தது. என்னை ஏற வைத்தது வறட்டுக் கௌரவம். சொந்தக்காரர்கள் வீடு வீடாக விருந்து வைத்து அனுப்பியிருந்தார்கள். ‘ஏர்போர்ட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டானாமே’ என்று ஒரு வாய் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். அதைத் தாங்க எனக்குத் தைரியமில்லை.

லெஸ்டரில் ஒரு வாடகை வீட்டில் மேல்மாடி அறை. கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டிருந்தேன். இந்தியாவில் போட்ட ஊசியை அப்போது பிரிட்டன் கணக்கில் எடுக்கவில்லை. 10 நாள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். நேராக மாடிக்குப் போயிருக்க வேண்டும். கீழ் அறையில் இருந்த தஞ்சாவூர் அண்ணன் வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். “ரசம் வச்சிருக்கேன் தம்பி, சூடா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மேல போ” என்றார். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இருமினேன். “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

“ஏசி காத்து ஒத்துக்கலண்ணே. டெஸ்ட் நெகட்டிவ்தான்” என்றேன்.

அவர் கேட்ட அந்த நொடியில்கூட நான் எழுந்து போயிருக்கலாம். பசித்தது. ஊர் விட்டு வந்த முதல் ராத்திரி. பேச ஆள் வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

அவருடைய அப்பா பக்கவாதம் வந்து தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். 18-ஆம் தேதி ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அதை அந்த முக்கால் மணி நேரத்தில் அவரே என்னிடம் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் பரிசோதனையில் எனக்கு பாசிட்டிவ். பயணத்துக்காக 16-ஆம் தேதி எடுத்ததில் அவருக்கும் பாசிட்டிவ். 19-ஆம் தேதி அவர் அப்பா இறந்தார். கொள்ளி வைத்தது அவருடைய சித்தப்பா மகன். அண்ணன் கீழே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சங்குச் சத்தம் மாடிக்குக் கேட்டது. நடுவில் வீடியோ நின்றுவிட்டது போல. “தெரியலடா, போனைத் திருப்பிப் பிடி, அப்பா முகம் தெரியல” என்று கத்தினார். நான் கதவைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமும் என் கதவுக்கு வெளியே கஞ்சி வைத்துவிட்டுப் போனார்.

என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கடையிலோ பேருந்திலோ வந்திருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல வருஷம் ஒளிந்துகொண்டேன். அவர் காரணம் கேட்டதே இல்லை. “விமானத்துல உனக்கு யார்கிட்டருந்தோ வந்திருக்குடா, பாவம்” என்று எனக்காக வருத்தப்பட்டார். நான் தலையாட்டினேன். என் எல்லாப் பொய்களிலும் கேவலமானது அந்தத் தலையாட்டல்தான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குப் போன் செய்தேன். தெர்மாமீட்டரிலிருந்து தொடங்கி எதையும் விடாமல் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, “அடுத்த வாரம் அப்பாவுக்குத் திதி, வேலை இருக்கு” என்று வைத்துவிட்டார்.

திதி முடிந்து நாற்பது நாளாகிறது. அவர் கூப்பிடவில்லை.