இரவல் ஒலியும் இசைக் கலைஞனும்

முன்னோர் ஆக்கியவற்றைப் பின்னோர் எடுத்தாள்வது கலை வரலாற்றிற் புதுமையன்று. ஒருவர் அமைத்த மெட்டை மற்றொருவர் தம் குரலிலோ கருவியிலோ மீளப் பிறப்பிக்கும்போது அவருடைய உழைப்பும் அதிற் கலந்துவிடுகின்றது. ஆயின், பதிவான ஒலியை நறுக்கி ஒட்டவல்ல இயந்திரங்கள் மலிந்த பின்னர் நிலைமை மாறிற்று. மெட்டை மாத்திரமன்றி, பிறரொருவர் வாசித்த அந்தக் கணத்தையே பெயர்த்தெடுத்துத் தன் படைப்பினுட் பதித்துக்கொள்ளல் எளிதாயிற்று. இதனையே இசைத்துறையினர் 'சாம்பிளிங்' என்பர். 1970களில் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதி இளைஞர்கள் இசைத்தட்டுக்களைச் சுழற்றி வளர்த்த ஹிப்ஹொப் இசைக்கு இம்முறையே உயிர்நாடியாயிற்று. இன்று ஒரு கணினி உள்ள எவர்க்கும் இது கைகூடும். எனவே, இவ்வாறு எடுக்கப்படும் ஒலி எவருக்குரியது என்னும் வினா இசை பயிலும் ஒவ்வோர் இளைஞனையும் எதிர்நோக்கி நிற்கின்றது.

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன்னர் ஓர் அடிப்படை உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். ஒரு பாடற்பதிவில் அடங்கியுள்ள உரிமை ஒன்றன்று, இரண்டு. மெட்டையும் சொல்லையும் ஆக்கியோருக்கு உரியது ஒன்று. அதனைப் பாடவைத்துப் பதிவுசெய்த நிறுவனத்திற்கு உரியது மற்றொன்று. மெட்டை மாத்திரம் எடுத்துப் புதிதாக வாசித்துப் பதிவுசெய்பவர் முதலாவது உரிமையையே தொடுகிறார். பதிவையே வெட்டியெடுப்பவரோ இரண்டையும் தொடுகிறார். ஒருவரிடம் இசைவு பெற்றுவிட்டு மற்றவரை மறப்பதே பல வழக்குகளுக்குத் தோற்றுவாயாகும்.

அமெரிக்க நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இவ்விடயத்தில் ஒரே திசையிற் செல்லவில்லை. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் மீதான வழக்கில், கில்பேர்ட் ஓ'சலிவனின் பாடலொன்றிலிருந்து எடுத்த பகுதி ஆராயப்பட்டது. களவு செய்யாதே என்னும் விவிலியக் கட்டளையோடு நீதிபதி தம் தீர்ப்பைத் தொடங்கினார். வெளியீட்டாளர் முன்னரே அனுமதி வேண்டியிருந்தனர். ஆயினும் மறுமொழி கிட்டுமுன்னர் இசைத்தட்டை வெளியிட்டுவிட்டனர். அனுமதி தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தமைக்கு அவ்வேண்டுகோளே சான்றாயிற்று. இசைத்தட்டு விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. 1993இல் அவர் வெளியிட்ட அடுத்த தொகுப்பின் பெயரே, எடுத்தவை அனைத்திற்கும் அனுமதி பெறப்பட்டுவிட்டது என்று பறைசாற்றுவதாயிருந்தது.

சிறு துண்டுதானே என்ற ஆறுதலும் நிலையானதன்று. 2005இல் அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், பங்காடெலிக் குழுவின் பதிவிலிருந்து எடுத்த இரண்டு செக்கன் கிற்றார் ஒலிக்கும் அனுமதி வேண்டும் எனத் தீர்த்தது. சுருதி தாழ்த்தப்பட்டு உருமாறியிருந்தபோதிலும் நீதிமன்றம் இணங்கவில்லை. ஆனால் 2016இல் மடோனாவின் பாடலொன்றில் இடம்பெற்ற 0.23 செக்கன் ஊதுகுழல் ஒலி பற்றிய வழக்கில், கேட்போர் உணரவியலாத அற்பப் பகுதி உரிமை மீறலாகாது என ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் கூறிற்று. ஒரே நாட்டிற் கலிபோர்னியாவிற் குற்றமல்லாதது டெனசியிற் குற்றமாகும் விந்தை இவ்வாறு நேர்ந்தது. ஐரோப்பாவில், கிராவ்ட்வேர்க் குழுவினரின் 1977ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்த இரண்டு செக்கன் தாளம் பற்றிய வழக்கு இரு தசாப்தங்களுக்கு மேல் நீண்டது. 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மிகச் சிறிய துண்டுக்கும் உரிமையாளரின் இசைவு வேண்டும் என்றது; காதாற் கேட்டு இனங்காணவியலாத அளவுக்கு அது மாற்றப்பட்டிருப்பின் வேண்டியதில்லை என்றும் வரையறுத்தது.

இத்தனை செக்கன் வரை எடுக்கலாம், பணம் பெறாவிடிற் பிழையில்லை, மூலக் கலைஞரின் பெயரைக் குறிப்பிட்டாற் போதும் என்றெல்லாம் இளைஞரிடையே வழங்கும் நம்பிக்கைகள் சட்டத்திற் கால் ஊன்றாதவை. இலாபம் கருதாமை நியாயமான பயன்பாட்டை நிறுவுதற்கு உதவலாம், அதுவே போதுமானதன்று. மறுபுறத்தில், பகடிக்காகப் பழைய பாடலொன்றை எடுத்தாளல், வணிக நோக்குடையதாயினும், நியாயமான பயன்பாடாகலாம் என்று 1994இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும், அஃது ஒவ்வொரு வழக்கின் தன்மையையும் நோக்கி முடிவாவது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நியாயமான பயன்பாட்டை ஏற்கின்றது. அதேவேளை ஆக்கியோரின் உரிமையையும் பதிவைத் தயாரித்தோரின் உரிமையையும் வெவ்வேறாகவே காக்கின்றது.

ஆகவே இளங்கலைஞன் கைக்கொள்ள வேண்டிய நெறி கடினமானதன்று. எந்தப் பதிவின் எந்தப் பகுதியை எடுத்தான் என்பதை எடுக்கும் நாளிலேயே குறித்து வைத்தல் முதலாவது. வெளியிடுமுன்னரே இரு உரிமையாளரையும் தேடி எழுத்திற் கேட்டல் இரண்டாவது. பாடல் புகழ்பெற்ற பின்னர் கேட்பவன் பேரம் பேசும் வலுவை இழந்துவிடுகிறான். பதிவு நிறுவனம் மறுப்பின் அப்பகுதியைத் தானே வாசித்துப் பதிவுசெய்து, ஆக்கியோரிடம் மாத்திரம் இசைவு பெறுதல் மூன்றாவது. இவை யாவும் கைகூடாவிடின் அப்பகுதியைக் கைவிடும் துணிவும் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு வழக்கு ஒரு செலவினம். வறிய கலைஞனுக்கோ அது வாழ்வின் முடிவு.

எனினும் இச்சட்டம் எவரைக் காக்கின்றது என்பதையும் நினைத்துப் பார்த்தல் தகும். 1969இல் வின்ஸ்ரன்ஸ் என்ற குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கப் பாடலொன்றில், கிரெகரி கோல்மன் என்பவர் சில செக்கன்கள் தனித்து முரசறைந்தார். அந்தத் தாளம் பின்னர் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. இங்கிலாந்தில் ஒரு புதிய இசை வகையே அதன்மீது எழுந்தது. கோல்மனோ அதனாற் காசொன்றும் பெறாது 2006இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சட் ஸ்பென்சருக்காக 2015இல் இரசிகர்கள் ஏறத்தாழ 24,000 பவுண் திரட்டிக் கொடுத்தனர். அது சட்டம் பெற்றுத் தந்த பணமன்று. மனச்சாட்சி தந்த பணம்.

இவ்விரு முனைகளுக்கிடையிலேயே இன்றைய கலைஞன் நிற்கின்றான். அனுமதிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருப்பின் வறியவனின் இசை பிறவாமலே மடியும். எவரும் எதையும் எடுக்கலாம் எனின் முரசறைந்தவன் பட்டினி கிடப்பான். சிறு துண்டுகளுக்கு எளிய விலையும், அவ்விலையில் வாசித்தவனுக்கும் ஒரு பங்கும் அமையும் ஒழுங்கே இருவரையும் வாழவைக்கும். அத்தகைய ஒழுங்கு பிறக்கும்வரை, இரவல் வாங்குவோன் கொடுத்தவன் பெயரை அறிந்து, அவன் கதவைத் தட்டிக் கேட்டு வாங்குதலே அறமும் பாதுகாப்பும் ஆகும்.