ஐசியை ஒருக்காத் தாங்கோ

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு இரவு பஸ். நாங்கள் மூன்று பேர். அடுத்த நாள் ஒரு நேர்முகத் தேர்வு, அதற்கடுத்த நாள் இன்னொன்று. லொட்ஜில் அறை பிடிக்க, "மூண்டு பேற்ற ஐசியையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோ" என்றார்கள். பஸ்ஸுக்குள்ளேயே, எங்களில் ஒருத்தி உடுத்தியிருந்த சிவப்புக் கட்டம் போட்ட பாவாடையின்மேல் அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் படம் எடுத்தோம். எங்கட குறூப்பில் போட்டோம். அங்கிருந்து லொட்ஜுக்கு அனுப்பினோம்.

காலையில் அங்கே போனால், "போட்டோக்கொப்பியும் வேணும்" என்றார்கள். பக்கத்துக் கடைக்குப் போனோம். மெஷின் பழுது, பிரிண்ட்தான் எடுக்கலாமாம். கடைக் கொம்பியூட்டரில் எங்கட வட்ஸ்அப்பைத் திறந்து, படங்களை இறக்கி, பிரிண்ட் எடுத்து, காசு கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டோம். வட்ஸ்அப்பிலிருந்து வெளியேறவில்லை. இறக்கிய படங்களை அழிக்கவில்லை. அது நினைவுக்கே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, பாவாடைக்காரிக்குத் தெற்கிலுள்ள ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய பெயரில் பதிவான ஒரு சிம்மிலிருந்து யாரையோ ஏமாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு நம்பரையே அவளுக்குத் தெரியாது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் கொடுத்தாள். அங்கே காட்டிய பதிவில் அவளுடைய அடையாள அட்டைப் படம் இருந்தது. ஓரத்தில் சிவப்புக் கட்டம்.

அதைக் கேட்டபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அது நாங்கள் பஸ்ஸில் எடுத்த அதே படம்! அது எங்கெங்கே போனது என்று எண்ணிப் பார்த்தோம். எங்கட மூன்று போன்கள், லொட்ஜின் போன், கடைக் கொம்பியூட்டர். எந்த வாசலால் வெளியே போனது என்று இன்றைக்கும் தெரியாது. ஆகவே யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. வாசல்களைத் திறந்து வைத்தது நாங்கள்தான் என்பது மட்டும் தெரியும்.

இரண்டு தடவை போய்வந்த பிறகுதான் அவளை விட்டார்கள். திரும்பி வரும்போது அப்பா ஒன்றுமே கதைக்கவில்லையாம். வீட்டுக்கு வந்துதான் கேட்டாராம்: "ஏன் பிள்ளை, எதுக்கெண்டு கேக்காமலே குடுத்தனீங்கள்?"

அந்தக் கேள்வியை நாங்கள் நிறைய நாள் யோசித்தோம். எங்கட அப்பா அம்மாமாரின் காலத்தில் ஐசி இல்லாமல் படலை தாண்ட முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் "ஐசியைத் தா" என்றால் கொடுக்கத்தான் வேண்டும். எதுக்கு என்று கேட்டால் வில்லங்கம். அந்தப் பழக்கம்தான் எங்களுக்கும் வந்திருக்கிறது. கேட்டவுடன் கை தானாகவே பையுக்குள் போகிறது. கேட்பது சோதனைச்சாவடியா, லொட்ஜ் மேசையா என்று கை பார்ப்பதில்லை.

அந்த அட்டை என்ன சொல்கிறது என்றும் பார்ப்பதில்லை. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணை மட்டும் கொடுத்தாலே பிறந்த திகதியும் போய்விடுகிறது. போனில் "உங்கட ஐசி நம்பர், பிறந்த திகதி?" என்று கேட்டு ஆளை உறுதிப்படுத்தும் இடங்களில், இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ஒரே எண்ணில் இருக்கிறது.

இப்போது நாங்கள் பயணம் போனால் செய்வது இதுதான். முதலில், "பார்த்துப் பதிஞ்சால் போதாதோ, கொப்பி கட்டாயமோ?" என்று கேட்கிறோம். சில இடங்களில் போதும் என்கிறார்கள். கொப்பி கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அட்டைப் படத்துக்குக் குறுக்காகப் பேனையால் எழுதுகிறோம்: எந்த லொட்ஜ், எந்தத் திகதி, தங்குவதற்கு மட்டும். அந்தக் கொப்பியை வைத்து வேறு வேலை பார்ப்பது கஷ்டம். பழுதாகப் போன கொப்பியையும் கடையில் விடாமல் கையோடு கொண்டு வருகிறோம். வேறு ஆளின் கொம்பியூட்டரில் வட்ஸ்அப் திறந்தால், வெளியேறியபின் போனிலும் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைப் பார்க்கிறோம். போனில் கிடக்கும் ஐசி, பாஸ்போர்ட் படங்களை வேலை முடிந்தவுடன் அழிக்கிறோம், குறூப்பிலும்தான்.

சிம்முக்குப் பின் நம்பர் போட்டிருக்கிறோம். போன் களவு போனால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு எங்கட வங்கியின் ஓடிபியை வாங்க ஏலாது. ஐசி தொலைந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு. புது அட்டைக்கு அது வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல, அந்தத் திகதிக்குப் பிறகு யாராவது அதைப் பாவித்தால், அது எங்கட கையில் இருக்கவில்லை என்று காட்டவும் வேண்டும். எங்கட பெயரில் வேறு சிம் இருக்கிறதா என்று தொலைபேசி நிறுவனங்களிடம் கேட்டோம். எங்களுக்குத் தெரியாமல் கடன் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, கடன் தகவல் பணியகத்திடம் அவரவர் தன் அறிக்கையை வாங்கலாம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தகவலை எடுத்தார்களோ அதற்கு மட்டுமே அதைப் பாவிக்க வேண்டும் என்கிறது. நல்ல விடயம். நாங்கள் போன லொட்ஜ் மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வரும்வரைக்கும் கேட்கவேண்டியது நாங்கள்தான்.

போன மாதம் திரும்பவும் கொழும்புக்குப் போனோம். "ஐசியை ஒருக்காத் தாங்கோ" என்றார் மேசையிலிருந்த அண்ணா. பாவாடைக்காரிதான் கேட்டாள்: "எதுக்கண்ணா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போல. பிறகு கொப்பியை விட்டுவிட்டு, எண்ணை மட்டும் புத்தகத்தில் எழுதி, அட்டையைத் திருப்பித் தந்தார். கேட்டபோது அவளுடைய குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.