எடுத்து வைத்தது திரும்ப வருமா?

1998-ஆம் ஆண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாயிண்ட் ரிச்மண்டில் பிக்ஸார் நிறுவனம் இருந்த காலம். 'டாய் ஸ்டோரி 2' படத்தின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஓரன் ஜேகப் என்ற தொழில்நுட்ப இயக்குநர் படத்தின் கோப்புகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உட்டி பொம்மையின் தொப்பியைக் காணோம். அடுத்து பூட்ஸைக் காணோம். கொஞ்ச நேரத்தில் உட்டியையே காணோம்!

யாரோ ஒருவர் 'ஆர்.எம்.' என்ற அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் அடித்துவிட்டிருந்தார். யுனிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டளையோடு சில எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் 'நிஜமாகவே அழிக்கட்டுமா?' என்றுகூட அது கேட்காது. ஜேகப் போனைப் போட்டு சர்வரின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்குவதற்குள் படத்தில் 90 சதவிகிதம் போய்விட்டது. இரண்டு வருட உழைப்பு!

ஆனால் முதலில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. அதுதான் டேப்பில் பேக்கப் இருக்கிறதே. இரவோடு இரவாக அதிலிருந்து எடுத்துவிட்டால் அரை நாள் வேலைதான் நஷ்டம் என்று ஒருவருக்கொருவர் தேற்றிக்கொண்டார்கள். பிறகுதான் அடுத்த இடி. பேக்கப் கொஞ்ச நாளாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை. 4 ஜிபி என்ற எல்லையைத் தொட்டதும் அது தடுமாறியிருக்கிறது. சரி, தடுமாறினால் எச்சரிக்கை வரவேண்டுமே? எச்சரிக்கையை எழுதிவைக்க வேண்டிய லாக் கோப்பும் நிரம்பிப்போன அதே இடத்தில்தான் இருந்தது. எழுத இடமில்லாததால் அதுவும் பேசாமல் இருந்துவிட்டது என்று ஜேகப் பிற்பாடு விளக்கியிருக்கிறார்.

படத்தை மறுபடி உருவாக்க முப்பது பேருக்கு ஒரு முழு வருடம் பிடித்திருக்கும் என்று பிக்ஸாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் 2014-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவு காலம் அவர்களிடம் இல்லை. காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி. அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் நகல் ஒன்று அவர் வீட்டுக் கணினிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜேகப்பும் அவரும் காரில் பறந்துபோய், அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, பின்சீட்டில் வைத்து, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். உட்டி பிழைத்தான். 1999 நவம்பரில் படமும் வெளியானது.

கணினித் துறையையே கரைத்துக் குடித்தவர்கள் இருந்த இடத்துக்கே இந்தக் கதி என்றால், இருபது பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் நிலைமை என்ன? அங்கே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தனியாக ஒருவர் இருப்பதே அபூர்வம். கணக்கு எழுதுபவரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். யார் எவ்வளவு பாக்கி தரவேண்டும், யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த வருடம் எவ்வளவு வரி கட்டியது, எல்லாமே மேஜைக்குக் கீழே இருக்கும் ஒரே சர்வரில்தான். அது போய்விட்டால் வெள்ளைக்காரன் ஸ்டூடியோவைப்போல இன்னொரு வருடம் தாக்குப்பிடிக்க அவர்களால் முடியாது. கடன் வாங்கியவர் 'நான் எப்போதோ கொடுத்துவிட்டேனே' என்று சொன்னால் மறுத்துப் பேச ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது.

இந்த மாதிரி நிறுவனங்களுக்காக வந்ததுதான் சின்ன டேப் டிரைவ்.

டேப் என்பது கணினிக்குப் புதிதல்ல. 1951-இல் வந்த யுனிவாக் கணினியிலேயே உலோக நாடாவில் தகவல் பதிந்தார்கள். 1952-இல் ஐபிஎம் பிளாஸ்டிக் நாடாவுக்கு மாறியது. லினக்ஸில் கோப்புகளை மூட்டை கட்டப் பயன்படும் 'டார்' கட்டளையின் பெயரே 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம்தான். லேபில் தினமும் அடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆனால் அந்தக் காலத்து டேப் டிரைவ் பீரோ அளவுக்கு இருக்கும். சின்ன அலுவலகத்தில் வைத்தால் ஆள் உட்கார இடம் இருக்காது.

1989-இல் சோனியும் எச்பியும் சேர்ந்து, பாட்டு கேட்கும் டிஜிட்டல் கேசட்டையே கணினிக்கு மாற்றியமைத்தார்கள். அதற்கு டிடிஎஸ் என்று பெயர். (சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ் வேறு! அதுவும் கணக்காளரின் தலைவலிதான் என்றாலும்.) நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கேசட் உள்ளங்கையில் அடங்கும். 1999-இல் வந்த டிடிஎஸ்-4 கேசட்டில் 20 ஜிபி, 2003-இல் வந்த டாட் 72-இல் 36 ஜிபி. ஒரு சின்ன நிறுவனத்தின் மொத்த வாழ்க்கையும் சட்டைப்பையில் போய்விடும் அளவு.

இங்கே ஒரு வேடிக்கை. 36 ஜிபி கேசட்டுக்கு ஏன் 72 என்று பெயர்? தகவலைச் சுருக்கினால் பாதி இடத்தில் அடங்கும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு எண்ணை அட்டையில் அச்சடிப்பது டேப் கம்பெனிகளின் வழக்கம். கடிதம், கணக்கு போன்றவை நன்றாகச் சுருங்கும். போட்டோ, வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அதற்குமேல் சுருங்காது. அட்டையை நம்பி வாங்கியவர்கள், நடுராத்திரியில் 'அடுத்த டேப்பைப் போடவும்' என்று சர்வர் ஆளில்லாத அறையில் கேட்டுக்கொண்டிருந்ததைக் காலையில் வந்துதான் பார்ப்பார்கள்.

டேப்புக்கு ஒரு குணம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைப்போல நினைத்த இடத்துக்குத் தாவ அதற்குத் தெரியாது. ஓடி ஓடித்தான் போகவேண்டும். ஒரே ஒரு கடிதம் வேண்டும் என்றாலும் அது இருக்கும் இடம் வரை நாடா சுற்றியாக வேண்டும். இன்னொன்று, ஓட ஆரம்பித்தால் நிற்க அதற்குப் பிடிக்காது. கணினி தகவலை மெதுவாக அனுப்பினால் டிரைவ் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓட ஆரம்பிக்கும். முன்னும் பின்னும் இப்படி இழுபடுவதை ஷூவுக்குப் பாலிஷ் போடுவதோடு ஒப்பிட்டு 'ஷூ ஷைனிங்' என்கிறார்கள். நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும். பழைய சர்வரில் புதிய வேகமான டேப் டிரைவை மாட்டினால் இந்தச் சங்கடம் நிச்சயம்.

அலுவலகத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள்? தாத்தா, அப்பா, மகன் என்று ஒரு முறை இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒன்றாக நான்கு டேப்கள். அவை மகன்கள். அடுத்த வாரம் அவற்றின் மேலேயே மறுபடி பதிவார்கள். வெள்ளிக்கிழமைகளுக்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு டேப்கள். அவை அப்பாக்கள், ஒரு மாதம் இருப்பார்கள். மாதக் கடைசியில் ஒன்று. அது தாத்தா, வருடம் முழுக்க இருப்பார். ஆக மொத்தம் இருபது கேசட்டில் ஒரு வருடம் ஓடிவிடும். மார்ச் மாதம் அழிந்துபோன ஒரு கோப்பை ஆகஸ்டில்தான் கவனிக்கிறார்கள் என்றால் மகனிடம் கேட்டுப் பயனில்லை, அப்பாவுக்கும் ஞாபகம் இருக்காது, தாத்தாவிடம்தான் போகவேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஏற்பாடு முழுக்க ஒரு மனிதரை நம்பி இருக்கிறது. தினமும் மாலையில் பழைய கேசட்டை எடுத்து, தேதி எழுதி, புதியதைப் போட்டு, எடுத்ததைக் கைப்பையில் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒருவர். அவர் ஒரு வாரம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் ஒரே கேசட் ஐந்து நாளும் உள்ளேயே கிடக்கும். அவர் டேப்பை எல்லாம் சர்வர் மேலேயே அடுக்கிவைத்தால், தீ பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே எரியும். ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால் பிக்ஸார் கதைதான். பேக்கப் நடக்கும், டேப் சுற்றும், பச்சை விளக்கு எரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

கிளவுட் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விண்டோஸ் சர்வர் 2003 வரை கூடவே வந்த பேக்கப் மென்பொருள் டேப்பில் எழுதும், 2008-இல் வந்தது எழுதாது. டிடிஎஸ் குடும்பம் 2009-இல் வந்த 160 ஜிபி கேசட்டோடு நின்றுவிட்டது. இன்று பல சின்ன அலுவலகங்கள் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கும் கிளவுடுக்கும் போய்விட்டன. மிச்சமிருப்பது 2000-இல் பிறந்த எல்டிஓ. முதல் தலைமுறையில் ஒரு கேசட்டுக்கு 100 ஜிபி இருந்தது, 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18,000 ஜிபி! ஆனால் கேசட் மலிவு, டிரைவ்தான் யானை விலை. நிறையத் தகவல் வைத்திருப்பவருக்கே அது கட்டுப்படியாகும்.

ஆனாலும் 2011 பிப்ரவரியில் நடந்ததை மறக்கக்கூடாது. சில ஜிமெயில் பயனாளர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. மொத்தப் பயனாளர்களில் 0.02 சதவிகிதம் பேர். கூகுள் ஒவ்வொரு மெயிலுக்கும் பல இடங்களில் நகல் வைத்திருந்தது. மென்பொருளில் புகுந்த ஒரு பிழை பல நகல்களையும் சேர்த்தே பாதித்துவிட்டது. கடைசியில் மெயில்கள் எங்கிருந்து திரும்பி வந்தன தெரியுமா? டேப்பிலிருந்து! கம்பியில் மாட்டாமல் தனியாகக் கிடந்ததால் பிழையால் அதைத் தொட முடியவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதைப் போன்றவற்றுக்கும் இதே விதிதான். கணினியோடு இணைந்தே இருக்கும் நகலையும் அது பூட்டிவிடும். அலமாரியில் இருக்கும் கேசட்டை எட்ட அதற்குக் கையில்லை.

அதற்காக டேப் தெய்வம் என்று அர்த்தமில்லை. 2005-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களின் விவரம் இருந்த டேப்களை அனுப்பும் வழியில் தொலைத்தது. சட்டைப்பையில் அடங்குவது சட்டைப்பையிலிருந்து விழவும் செய்யும். 2007-இல் வந்த எல்டிஓ-4 முதல் டிரைவே தகவலைப் பூட்டும் வசதி வந்தது. ஆனால் பூட்டின் சாவியைத் தொலைத்தால் சொந்தக்காரருக்கும் கதவு திறக்காது. கடலோர ஊர்களின் புழுக்கமும் நாடாவுக்கு ஆகாது. பத்து வருடம் கழித்து கேசட் நன்றாக இருந்தும் அதைப் படிக்கும் டிரைவ் கடையில் இல்லாமல் போகலாம். ஏழாம் தலைமுறை எல்டிஓ டிரைவ் இரண்டு தலைமுறை பழைய கேசட்டையும் படித்தது, எட்டாவது ஒரு தலைமுறைக்குமேல் பின்னால் போகாது.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் 2005-இல் ஒரு புத்தகத்தில் எளிமையாக ஒரு கணக்குச் சொன்னார். மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில். டேப்போ, டிஸ்க்கோ, கிளவுடோ, எதை வாங்கினாலும் இந்தக் கணக்கு பொருந்தும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை ஒரே ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு சுற்றுபவர்களுக்கும் சேர்த்துத்தான்!

ஆனால் பிக்ஸாரில் தவறியது இந்தக் கணக்கு மட்டுமல்ல. எடுத்து வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. அப்பா கடையிலோ மாமா அலுவலகத்திலோ பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் தினமும் ஆகுது" என்ற பதில் உடனே வரும். அதோடு விட்டுவிடக்கூடாது. போன மாதத்து பில் ஒன்றைச் சொல்லி, "இதை பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். பத்து நிமிடத்தில் திரையில் வந்தால் நல்லது. கேசட்டை எங்கே வைத்தோம் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டதே!